வேரில் ஒரு பள்ளம்

ஈறு வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவன் நான். வாய்க்குள் இருப்பதைவிட நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் எங்கள் கிளினிக்குக்கு ஈசூனிலிருந்து மகனை அழைத்து வந்த சாந்தி அப்படித்தான் என்னை ஒரு பாடு படுத்தினார்.

மகன் பிரவீன் நேஷனல் சர்வீஸில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், இருந்தான். மேல் முன்பற்களில் ஒன்றின் ஈறு வீங்கிச் சீழ் வடிந்தது. பிடுங்கிவிடலாம் என்று வேறோர் இடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

“கேம்புக்குப் போனதிலேர்ந்து சிகரெட் புடிக்கிறான் டாக்டர். கேட்டா இல்லைங்கிறான். வாயே நாறுது லா!”

“சத்தியமா இல்லம்மா,” என்றான் பிரவீன், வாயைக் கையால் மூடிக்கொண்டே. அந்த வயதில் அப்படிக் கூசிக் கூசிப் பேசுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மற்ற ஈறெல்லாம் நன்றாக இருந்தது. அந்த ஒரு பல்லின் உட்புறத்தில், ஒரே இடத்தில் மட்டும் ஈறின் ஆழம் அளக்கும் ப்ரோப் கம்பி கிடுகிடுவென்று ஆழமாக இறங்கியது. சிகரெட் ஒரே பல்லைப் பார்த்துக் கெடுக்குமா? வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். பல்லின் பின்பக்கத்திலிருந்து வேரை நோக்கி ஒரு மெல்லிய பள்ளம் ஓடியது. அதற்குள் பிரஷ் போகாது, கிருமி போகும். எக்ஸ்ரேயில் வேரை ஒட்டிய எலும்பு கரைந்திருந்தது. நல்லவேளை, சோதித்ததில் பல்லின் நரம்பு உயிரோடு இருந்தது.

“சிகரெட் இல்லம்மா. பல்லு உருவாகும்போதே வேர் இப்படி மடிஞ்சிருக்கு.”

சாந்தியின் முகம் வாடிவிட்டது. “அப்போ நான் மாசமா இருந்தப்போ ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா டாக்டர்?”

அட, மகன் மேலிருந்த பழியை இறக்கினால் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாரே! யார் செய்த தப்பும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, கெட்ட சதையை எடுத்தேன். பள்ளத்தை இழைத்து சிமென்ட் வைத்து அடைத்தேன். எலும்பு கரைந்த இடத்தில் எலும்பு வளர உதவும் போன் கிராஃப்ட் தூளை நிரப்பித் தையல் போட்டேன். பல் நிற்கும் என்று அவர்களுக்கு நான் உறுதி தரவில்லை. சில மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. ப்ரோப்பும் ஆழமாக இறங்கவில்லை. பல் பிழைத்துவிட்டது! எனக்கே கண் கலங்கியது.

சாந்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருந்தாலும், என் வயித்துல பொறந்ததாலதானே…”

“ஏம்மா, என்னைச் சுமந்தப்போ நீ சிகரெட் புடிச்சியா?” என்றான் பிரவீன்.

“போடா எருமை!” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார். வைத்த கையோடு அழுதுகொண்டே சிரித்தார். பிரவீனும் வாயை மூட மறந்து சிரித்தான்.

புதிதாக வரும் டாக்டர்களிடம் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: முதலில் பழியை இறக்குங்கள், கூட நிற்கும் தாயிடமிருந்தும். ஈறைப் பிறகு திறக்கலாம்.