புல்வெளியில் புளியோதரை

கலிபோர்னியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மாநில வரலாறு படிப்பார்கள். தங்கம் கிடைத்தது, ரயில் வந்தது எல்லாம் உண்டு. வீட்டை இரண்டாக்குவது மட்டும், ஸ்பெயின் பாதிரிமார் காலத்து ‘மிஷன்’ தேவாலயம் ஒன்றை அட்டையில் செய்துகொண்டு போகும் வேலைதான். பிளசன்டனில் எங்கள் சாப்பாட்டு மேஜை ஒரு வாரமாக மிஷன் வசம். மகள் கட்டடத்தை முடித்துவிட்டாள். முன்னால் இருக்கும் காலி இடத்தில் என்ன வைப்பது என்றுதான் தெரியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் விளக்க வேண்டும். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை கிளம்பினோம்.

கோயிலுக்குப் போனால் என் மனைவிக்குக் கட்டுச்சோறு வேண்டும். மிஷனும் ஒரு கோயில்தானே என்று புளியோதரை காரில் ஏறியது. எனக்குப் போகிற இடத்துப் பலகையெல்லாம் படித்தாக வேண்டும். ஆனால் பசி வந்தால் பத்தும் பறந்து போகும். அன்று பலகையும் பறந்தது. சுவரோரம் அருமையான புல்வெளி, ஓக் மர நிழல், ஈ காக்கை இல்லை. ஜமக்காளத்தை விரித்தோம்.

சாப்பிட்டு முடித்த பிறகு மகள்தான் ஓரத்திலிருந்த சிறு பலகையைப் படித்தாள்.

“அப்பா, பீப்பிள் ஆர் பரீட் ஹியர்.”

மிஷனைக் கட்டிய பூர்வகுடிகள், நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தவர்கள், எங்கள் ஜமக்காளத்துக்கு அடியில் புதைந்திருந்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை.

“அதான் ஒருத்தரும் இங்க உட்காரல. எழுந்திரிங்க. வீட்டுக்குப் போனதும் எல்லாரும் தலைக்குக் குளிக்கணும்,” என்றாள் மனைவி.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதிகமாக இருந்தது. மனைவியும் ஜமக்காளத்தை மடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இவங்க என்னடி சாப்பிட்டிருப்பாங்க?” என்று மகளைக் கேட்டாள்.

மகள் மரத்தடியில் கிடந்த ஓக் கொட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். இடித்து, தண்ணீர் விட்டுக் கசப்பை எடுத்து, கஞ்சி காய்ச்சுவார்களாம்.

“பொறுமைசாலிங்க,” என்றாள் மனைவி. கொட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

திங்கட்கிழமை பெற்றோரையும் வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். மற்ற மிஷன்களின் முன்னால் நீரூற்று, தோட்டம், கழுதை. எங்களுடையதில் வெறும் பச்சைத் துணி. முடிக்க நேரமில்லையா என்று ஆசிரியை அன்பாகக் கேட்டார்.

“இட்ஸ் நாட் எம்ப்டி,” என்றாள் மகள். “வீ ஏட் லன்ச் ஆன் தெம். வீ டிடின்ட் நோ.”