கொடியில் காயும் கோட்டுகள்

நேற்றுத் துவைத்ததையே மரியதாஸ் இன்றும் துவைக்கிறார். யாரும் உடுத்தாத வெள்ளைக் கோட்டுகள். கல்லில் அடிப்பதில்லை, துணி நைந்துவிட்டது. உவர்நீரில் அலசி, முற்றத்துக் கொடியில் வீதிக்குத் தெரியும்படி தொங்கவிடுகிறார். வரிசையை நாளுக்கு நாள் மாற்றுவார். "ஒரே மாதிரித் தொங்கினால் ஆளில்லையெண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள்."

பின்னால் நிற்பது ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். கடல்பவளத்தை வெட்டியெடுத்த முருகைக்கல் சுவர், உப்புக்காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும். பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையும் தாவரவியல் துறையும் கடலாய்வுக்கு வைத்திருந்த இடம். மாணவர்கள் வங்காலைக் கரையில் அள்ளிவந்த பாசியும் சிப்பியும் மேசைகளில் நாறிக்கிடந்த காலத்தில் மரியதாஸ் இங்கே காவலாளி. சண்டை வலுத்தது. மாணவர்கள் கோட்டுகளைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். திரும்பவில்லை.

ஆளில்லாத கல்வீடுகளில் ஆமி காம்ப் போடுகிறது. காம்ப் வந்தால் சுற்றியுள்ள குடிகளை எழுப்பிவிடும். மதிலை ஒட்டிய முதல் வீடு மரியதாசுடையது. ஏற்கெனவே ஓடி வந்து குடியேறியவர். "இனி ஓட முழங்கால் விடாது" என்கிறார், மழை வராது என்று சொல்வதுபோல.

காலையில் எல்லா யன்னல்களையும் திறக்கிறார். பொழுதுபட மூடுகிறார். வகுப்பறைக்குள் நுழையுமுன் இன்னமும் செருப்பைக் கழற்றுகிறார். போத்தல்களுக்குள் வெளிறிப்போன மீன்களைத் தூசு தட்டுகிறார். பெயர் கேட்டால் தெரியாது. "எல்லாம் பழைய ஆக்கள்."

மனைவி பெற்றிசியா கருவாட்டுக்கு மீன் கீறியபடி இதையெல்லாம் பார்த்திருப்பார். கோயில் சுவாமிக்குக்கூட இவ்வளவு உடுப்பு இல்லையாம். வீட்டுச் சவர்க்காரம் முழுதும் வராத பிள்ளைகளின் கோட்டில் கரைகிறதாம். கட்டடத்தின் வாசல் பலகையைக் காட்டி ஒரு நாள் சொன்னார்: "விலங்கு எண்டு எழுதிக்கிடக்கு. கையில மாட்டுறவங்களுக்கெண்டே கட்டினது போல. ஆமிக்குக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ." மரியதாஸ் கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் ஜீப் நின்றது. இறங்கிய அதிகாரி கொடியின் நீளத்துக்கு நடந்து பார்த்தார்.

"கோட் இருக்கு. ஆள் எங்க?"

"கடலுக்குப் போயிட்டினம், சேர்."

"நாளைக்குக் காலையில வாறது. ஆள் பார்க்கணும்."

ஜீப்பின் புழுதி ஈரக் கோட்டுகளில் படிந்தது. மரியதாஸ் அதைத் தட்டவில்லை. கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

பெற்றிசியா கத்தியை வைத்தார். கையைக் கழுவினார், செதிள் போகும்வரை கழுவினார். கொடியடிக்கு வந்தார்.

"சின்னதா ஒண்டு எடுங்கோ."

அவர் எடுத்துக் கொடுத்தார். பெற்றிசியா சேலைக்கு மேலே அதைப் போட்டார். சின்னதும் பெரிதாகத்தான் இருந்தது; விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. மரியதாஸ் அவர் கையைத் தூக்கிப் பிடித்து, ஈரத்துணியை மணிக்கட்டுவரை மெல்ல மடித்துவிட்டார். பிறகு மற்றக் கையை.