நான் கத்தியதால் போன கோல்

என் மனைவி பினாங்கில் பிறந்தவள். அவளுடைய அப்பா கிளியனூர்க்காரர். இளவயதிலேயே கப்பலேறிப் போய், அங்கே வெள்ளைக்காரர்கள் பந்தாடும் ஒரு மைதானத்தில் புல் வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலையில் இருந்தார். மகளுக்கு ஊர்ப் பக்கம்தான் மாப்பிள்ளை என்று பிடிவாதமாகக் குடும்பத்தோடு வந்து, தூரத்துச் சொந்தமான எனக்குக் கட்டிவைத்துவிட்டு, அடுத்த கப்பலில் திரும்பிப் போய்விட்டார்.

அப்போது நான் விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி தடம் மாறுவதற்குக் கம்பியை இழுத்துவிடும் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய வேலைதான். அங்கே யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு ரொம்பவும் பிடித்த வேலை. நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கடையில் உப்பு கேட்பதற்கே கூட்டம் குறையட்டும் என்று காத்திருப்பேன்.

அவளுக்கு எங்கள் ஊர் பிடிக்கவில்லை. கத்திரி வெயிலில் குவார்ட்டர்ஸ் ஓடு கொதிக்கும்போது, "இந்த ஊர்ல மழைன்னு ஒண்ணு பெய்யுமா? இல்ல அதுக்கும் நாமதான் கப்பல் ஏறணுமா?" என்று கேட்பாள். கேப்பைக் கூழைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் முள்வேலி, அதற்கு அந்தப் பக்கம் பந்தாட்ட மைதானம். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தே அவள் அந்த ஆட்டத்தைக் கற்றிருந்தாள். கொல்லையில் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, வேலிக்கு மேலே தலை தெரியப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் ஆளுக்கொரு கல்லைத் தேடிக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் ஊருக்கே பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. சுற்றுவட்டார டீம்களுக்குள் ஒரு கோப்பைக்குப் போட்டி. எங்கள் ஜங்ஷன் டீம் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே வந்தது. எஞ்சினில் கரி அள்ளிப்போடும் பயர்மேன்கள் முகம் கழுவாமலேயே மைதானத்துக்கு ஓடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு பயர்மேன்தான் கோல் கீப்பர். இரண்டு கையையும் விரித்து நின்றால் கம்பத்துக்குக் கம்பம் எட்டுகிற ஆள்.

அதே கோடையில் நாங்கள் பினாங்கு போகவும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். எனக்கு லீவு கிடைத்துவிட்டது. நாகப்பட்டினம் வரை ரயில் பாஸும் வந்துவிட்டது. பெட்டியை எடுத்துத் துடைத்துவைத்த அன்றுதான் அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள், நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று.

நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள். "இத ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாதுங்க. அத்தைக்குத் தெரிஞ்சா கப்பல்ல ஏற விடமாட்டாங்க. தலைப்பிரசவம் எங்கம்மா கிட்டதான். நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும். அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

அத்தை என்றது என் அம்மாவை. அம்மா திண்டிவனத்தில் என் அண்ணன் வீட்டில் இருந்தாள். நாங்கள் போகும்முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், தங்கிவிட்டாள். எது செய்தால் ஆகாது, எது தின்றால் ஆகாது என்பதெல்லாம் அம்மாவுக்கு விரல் நுனியில் இருக்கும். முழுகாமல் இருப்பவளின் புருஷன் கடல் தாண்டக் கூடாது, முடி வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டதை வாங்கிக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். இந்த மாதிரி.

ஆகவே என் மனைவி, கூட்ஸ் வண்டி போகும் சத்தத்தில் வாந்தி எடுக்கப் பழகிக்கொண்டாள். வண்டி வர நேரமானால் பாவம், வாயைப் பொத்திக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தபடி நிற்பாள். "இன்னாடா உம்பொண்டாட்டி, ரயிலையே பாக்காதவ மாதிரி பாக்கறா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. எதிர்த்து ஆடியது திண்டிவனம். அம்மாவுக்குப் பந்தாட்டத்தில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் தன் ஊர் ஆடுகிறது என்றதும் வேலியோரம் வந்து, மருமகளின் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லைப் போட்டு ஏறிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் உதைச்சா நம்ம ஊருக்கு நல்லது?"

"அந்தப் பக்கம் அத்தே. ஆனா உதைக்கமாட்டாங்க. உங்க ஊரு ஆளுங்க எல்லாம் மல்லாட்ட மூட்டை மாதிரி நிக்கறாங்க பாருங்க."

"இருடி, இரு. எங்க ஊரு ஆளு கடைசியிலதான் ஓடுவான்."

நான் மைதானத்துக்குள், எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்றேன். அங்கிருந்து ஆட்டமும் தெரியும், வேலிக்கு மேல் இரண்டு தலைகளும் தெரியும். இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் எங்கள் டீம் ஒரு கோல் போட்டது. மைதானமே அதிர்ந்தது. துண்டுகள் பறந்தன. வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவளைக் காணோம். அடுத்த நொடி கல்மேல் தெரிந்தாள். மறுபடி காணோம். கல்லிலிருந்து குதிக்கிறாள், ஏறுகிறாள், மறுபடி குதிக்கிறாள்.

நடுவில் பந்தை வைத்து மறுபடி ஆட்டம் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பந்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அவள் மட்டும் விடாமல் குதித்தாள். உப்பு கேட்கவே வராத என் குரல், எங்கிருந்து அப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"அடியே, குதிக்காதடி! வயித்துல மூணு மாசம்!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். அதில் எங்கள் கோல் கீப்பரும் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப விஷயம், திரும்பாமல் என்ன செய்வார்? அந்த நேரம் பார்த்துத் திண்டிவனத்து ஆள் ஒருவன் தூரத்திலிருந்து உதைத்த பந்து, அவருக்குப் பின்னால் நிதானமாக உருண்டு உள்ளே போனது.

ரெஃப்ரீயாக நின்றவர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர். விசில் ஊதிக் கோல் என்று கை காட்டினார். எங்கள் கோல் கீப்பர் அவரிடம் ஓடினார்.

"சார், இது செல்லாது சார். அந்தாளு பேசியே நான் கேட்டதில்ல. திடீர்னு மூணு மாசம்னு கத்தினா எவன் சார் திரும்பமாட்டான்?"

"மூணு மாசம் ரூல்ல இல்ல மேன். போ, போய் நில்லு."

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் எழுந்திருக்கவே இல்லை. திண்டிவனம் இன்னொரு கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. அம்மாவைப் பொறுத்தவரை அவள் ஊர் கோல் போட்டதும் மருமகள் பிள்ளை உண்டாகியிருப்பதும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. எதற்குக் கைதட்டினாள் என்று தெரியாது. தட்டினாள். பிறகு கல்லிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போய், நாங்கள் துடைத்துவைத்திருந்த பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

"கப்பலாவது கிப்பலாவது. புள்ள பொறக்கற வரைக்கும் ரெண்டு பேரும் இந்தப் படியத் தாண்டக் கூடாது."

என் மனைவி அழவில்லை. சண்டையும் போடவில்லை. மறுநாள் காலையில் அம்மாவிடம் போய் மெல்லச் சொன்னாள். "அத்தே, எனக்கு ஒண்ணு தின்னணும்போல இருக்குது."

"கேளும்மா. மாங்காயா? புளியா?"

"டுரியான்."

அம்மா அந்தப் பேரைக் கேள்விப்பட்டதில்லை. அது எப்படி இருக்கும் என்று விசாரித்தாள்.

"பலாப்பழம் மாதிரி மேல முள்ளு இருக்கும் அத்தே. செத்த எலி மாதிரி நாத்தம் அடிக்கும். ஆனா ஒரு சுளை தின்னா, அப்புறம் விட மனசு வராது."

"செத்த எலிக்கா ஆசப்பட்ட? ஏன்டி, ஊருல ஒரு பொண்ணு இப்படிக் கேட்டிருப்பாளா?"

விஷயம் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. கோல் கீப்பர் பயர்மேன் பண்ருட்டி வழியாகப் போன வண்டியில் ஒரு பெரிய பலாப்பழத்தைக் கொண்டுவந்து இறக்கினார். "கோல் போனது போவட்டும். புள்ள காதுக்கு ஒண்ணும் வரக் கூடாது" என்றார். அவள் ஒரு சுளையை வாயில் வைத்தாள். "நல்லாத்தான் கீதுண்ணே. ஆனா நாறலையே" என்றாள். மீதிப் பழத்தை டீமே தின்றது.

அடுத்தடுத்த நாள்களில் அவள் சோற்றைக் குறைத்தாள். கன்னம் ஒட்டியது. ஆசை நிஜமா, ஆட்டமா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அம்மாதான் தவித்தாள். கடல் தாண்டினால் ஒரு தோஷம், கேட்டதைக் கொடுக்காவிட்டால் இன்னொரு தோஷம். இரண்டும் அவள் வாயாலேயே எங்களுக்குச் சொன்னவை. "பேஜாரா பூட்ச்சேடா" என்று புலம்பிக்கொண்டு, அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டுப் போனாள்.

திரும்பி வந்தவளின் முகம் தெளிந்திருந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"ஆத்தாகிட்ட கேட்டுட்டேன். கடல் தாண்டக் கூடாதுங்கறது புருஷனுக்குத்தான். பொம்பளைக்கு இல்ல. அவ போவட்டும். நீ போவாத."

ஆத்தா இதை எப்படிச் சொன்னாள் என்று கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை. என் மனைவிக்கு முகமெல்லாம் பல். நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தனியா எப்படிம்மா போவா?"

"தனியா இன்னாத்துக்குப் போறா? நான் போறேன் கூட."

என் மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றது. மாமியாரிடமிருந்து சில மாதமாவது தள்ளி இருக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். என் கணக்கும் போயிற்று. லீவு வாங்கியவன், பாஸ் எடுத்தவன், பினாங்கு மைதானத்தைப் பார்க்க ஆசையாக இருந்தவன் நான். மேல்மலையனூரைத் தாண்டி எங்கும் போகாத அம்மா கப்பல் ஏறப் போகிறாள்.

"அத்தே, கப்பல்ல தலை சுத்தும்" என்றாள் அவள், கடைசி முயற்சியாக.

"உனக்கு வர வாந்திதான எனக்கும் வரும்? ரெண்டு பேரும் சேந்தே எடுக்கலாம். ஜல்தி பெட்டிய எறக்குடா."

நாகப்பட்டினம் வரை நானும் போனேன். கப்பல் தூரத்தில் நின்றது. கரையிலிருந்து படகில்தான் போய் ஏற வேண்டும். படகில் ஏறும்போது அம்மா ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மறு காலை எடுக்கத் தயங்கினாள். மருமகள் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்தவள், உட்கார்ந்த பிறகும் விடவில்லை. என் மனைவி முதலில் முகத்தைச் சுளித்தாள். படகு ஒருமுறை தூக்கிப் போட்டதும் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, அம்மாவின் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள்.

குழந்தை பினாங்கில், அவள் அம்மா வீட்டில்தான் பிறந்தது. பெண். காது இரண்டும் சுத்தமாக இருந்தது.

படகு புறப்பட்ட அன்று கரையில் நான் தாடி வளர ஆரம்பித்த முகத்தோடு, ஈரம் படாத மணலாகப் பார்த்து நின்றேன். படகிலிருந்து அம்மா ஏதோ கத்திக் கையை ஆட்டினாள். காற்றில் காதில் விழவில்லை. என்ன என்று கேட்பதற்காக இரண்டு அடி முன்னால் போனேன். அப்போதுதான் புரிந்தது, பின்னால் போ என்கிறாள். பெரிய அலை ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. கடற்கரைக் கூட்டம் முழுக்கப் பார்க்க, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.