அழுகிற முகத்தை அழுத்தினேன்

கரட்டு நிலத்தில் கிணறு வெட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், மக்காச்சோளம் உடைக்கும் மிஷின் வாங்கினேன். "இவனா மெத்தை வூடு கட்டுவான்?" என்று சிரித்தவர்கள் கண்ணெதிரே மாடி வைத்துக் கட்டிக் காட்டினேன். அப்படிப்பட்ட என் வாசலில், நான் பெற்ற பிள்ளை ஏழுமலை குடித்துவிட்டு விழுந்து கிடந்தான். அங்காளம்மா, என்னை எடுத்துக்கொள், அவனை விட்டுவிடு என்று சன்னதியில் கதறினேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தோம். படுக்கையில் சேர்க்கவில்லை. வாரம் ஒருநாள் வந்து மாத்திரை வாங்கச் சொன்னார்கள். ஏழுமலையிடம் பட்டன் போன்தான். அதனால் என் போனில் ஓர் ஆப் ஏற்றிக் கொடுத்தார்கள். சாயங்காலமானால் மூன்று முகம் வரும். ஒன்று சிரிக்கும், ஒன்று சும்மா இருக்கும், ஒன்று அழும்.

"அவரைக் கேட்டுட்டு அழுத்துங்க ஐயா. குடிக்கணும்னு தவிச்சார்னா அழுவுற மூஞ்சி. ஒடனே நான் போன் பண்ணுவேன்" என்றார் நர்ஸம்மா.

நான் கேட்கவில்லை. என் பிள்ளைக்கு அழுகிற முகமா? தினமும் சிரிக்கிறதையே அழுத்தினேன். அம்மன் திருவிழாவுக்கு அவன் கையில் காப்பு வேறு கட்டியிருந்தது. காப்புக் கட்டியவன் குடிக்க மாட்டான். அந்த மஞ்சள் கயிறு போதும் என்று மாத்திரையைக்கூட விசாரிக்காமல் இருந்தேன்.

காப்பு அவிழ்த்த அன்று மத்தியானம் அவனைக் காணோம். மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதாக டீக்கடைக்காரர் தகவல் சொன்னார். மேலே அவனுடைய குடிக் கூட்டாளிகள். பத்துத் தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"எடுத்தா நீ திட்டுவ, எப்புடி எடுப்பான்?" என்றாள் என் மனைவி. "ஏய்யா, அந்த ஆஸ்பத்திரி ஆப்புல இன்னா அழுத்தின?"

"சிரிக்கிறது."

"போன்கிட்டகூடவா ஜம்பம்!"

தாயே, என் மானம் போகட்டும், பிள்ளை இருக்கட்டும் என்று வேண்டி, அழுகிற முகத்தை அழுத்தினேன்.

போன் அடித்தது. நர்ஸம்மாதான். "இன்னா ஐயா, இவ்ளோ நாளா சிரிச்சிக்கினே இருந்தீங்க? உங்க வூட்டைக் காட்டித்தான் மத்தவங்களுக்குப் புத்தி சொல்லிக்கினு இருந்தேன்!"

"எல்லாம் பொய்ம்மா. அவனைக் கேக்கவே இல்ல. இப்ப மலை பஸ்ல குந்திக்கினு இருக்கான்."

தப்பு என்று நான் ஒப்புக்கொண்டது என் ஆயுசிலேயே அன்றுதான்.

"வைங்க, நான் அவர்கிட்ட பேசறேன்."

பஸ் கிளம்பும் நேரம் தாண்டியது. அம்மன் பெயரைத் தவிர வாயில் எதுவும் வரவில்லை. மறுபடி போன் அடித்தது. ஏழுமலை.

"எறங்கிட்டேன் நைனா. அந்த அக்கா பேசிக்கினே இருந்துச்சு, பஸ்ஸு பூடுச்சு. வந்து கூட்டினு போ."

வாசலுக்கு ஓடி, ரோட்டிலேயே விழுந்து அம்மனைக் கும்பிட்டேன்.

இப்போது தினமும் அவனைக் கேட்டுத்தான் அழுத்துகிறேன். சில நாள் அழுகிறது என்பான். அதையே அழுத்துகிறேன். அவன் குடியை விட்டு மாதங்களாகின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், தாயிடம் அழுங்கள், ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். அம்மன் கைவிட மாட்டாள்.

பிள்ளையை மீட்டது அங்காளம்மன்தான். பேசி இறக்கியது நர்ஸம்மா. இருவரையும் ஊர் புகழ்கிறது, புகழட்டும். ஆனால் ஊருக்கே தெரிந்தாலும் சரியென்று அழுகிற முகத்தை அழுத்தியது யார்? நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.