ஒண்ணுமில்லாததைக் காப்பி எடுத்த கதை

ஸ்கிரீன்ல வர்ற எச்சரிக்கையைப் படிக்காமலே "யெஸ்" அமுக்குற ஆளு நான். அதுவும் மூணு தடவை அமுக்கினேன். வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு. ஏன்னா எங்க தாமான்ல, இந்தக் குடியிருப்பு முழுக்க, கம்ப்யூட்டர்ல ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க.

போன வருஷம், பாசிர் கூடாங்ல எங்க வீட்டுலதான் நடந்துச்சு. எனக்கு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. ஆஃப் டே வந்தா மத்தவங்க தூங்குவாங்க, நான் யாரோட லேப்டாப்பையாவது பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அன்னிக்கு சனிக்கிழமை. தமிழ்ப்பள்ளியில படிச்சுக் குடுக்குற எதிர்வீட்டு டீச்சர் காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க.

"அண்ணே, இந்த ஸ்பேஸ் பட்டன் ஒட்டிக்கிச்சு. பிள்ளைங்க பேரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து வருது. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

அவ்ளோதான் கேட்டாங்க. நான் திறந்து பாத்தேன். ஆன் ஆகவே ஆறு நிமிஷம்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மனுசங்க எப்படிலா இதையெல்லாம் பொறுத்துக்கிறாங்க? பட்டனை அப்புறம் பாக்கலாம்னு தள்ளி வெச்சுட்டு, என்கிட்ட சும்மா கிடந்த புது டிஸ்க்கை எடுத்தேன். பழைய டிஸ்க்குல இருக்கிறதை அப்படியே புதுசுக்குக் காப்பி பண்ணி மாத்திட்டா மெஷின் பறக்கும். டீச்சர் அசந்து போவாங்கன்னு ஒரு நெனப்பு.

"இதை அவங்க கேட்டாங்களா?"ன்னு வீட்டுக்காரி கேட்டா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு"ன்னேன்.

ரெண்டு டிஸ்க்கும் ஒரே சைஸ். எதுலேர்ந்து எதுக்குன்னு ஸ்கிரீன்ல கேட்டுச்சு. தேர்ந்தெடுத்தேன். எல்லாம் அழிஞ்சிடும், சரியான்னு மூணு தரம் கேட்டுச்சு. அதெல்லாம் தெரியாதவங்களுக்குப் போடுறதுதானேன்னு மூணு தரமும் யெஸ். அப்புறம் முக்குல இருக்குற மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போயி, ஆத்துன தே தாரேயும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுக்கிட்டு, பக்கத்து மேசைக்காரருகிட்ட பேக்கப் எடுக்கிறது எவ்ளோ முக்கியம்னு பேசிக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துலதான் வீட்டுல என் கம்ப்யூட்டர், ஒண்ணுமே இல்லாத புது டிஸ்க்கை, ஒரு மூலை விடாம, டீச்சரோட டிஸ்க்கு மேல காப்பி எடுத்துக்கிட்டிருந்துச்சு.

வந்து பாத்தா ரெண்டும் காலி. அலமாக்! தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டிப் பாத்தேன். ஒரு ஃபைல்கூட திரும்பல.

ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. டீச்சர் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. சொன்னேன். கையில இருந்த துணியைத் திரும்ப வாளியில போட்டாங்க.

"பதினோரு பிள்ளைங்கண்ணே. கதை சொல்ற போட்டிக்கு வீடியோ. திங்கக்கிழமை அனுப்பணும்."

"போன்ல இருக்குமே டீச்சர்?"

"நீங்கதானே சொன்னீங்க, போன்ல வெச்சா ஆபத்து, லேப்டாப்புல போட்டுட்டு அழிச்சிடுங்கன்னு."

திட்டியிருந்தாக்கூட தேவலாம். கண்ணு கலங்கி நின்னாங்க. அதுல ஒரு பொண்ணு வகுப்புல வாயே திறக்காதாம். அதைப் பேச வைக்க ரெண்டு மாசம் ஆயிருக்கு.

எல்லாத்தையும் மறுபடி எடுக்கிறதுன்னு முடிவாச்சு. மறுநாள் காலையில எங்க வீட்டு முன்னாடி பத்து பிள்ளைங்க. ஒவ்வொரு அப்பா அம்மாவும் என்னைப் பாத்த பார்வை இருக்கே! கேமரா பிடிக்கிறது நான், எல்லாருக்கும் மைலோ கலக்குறதும் நான். ஒரு பையன் நரி கதை சொல்லிக்கிட்டே இருந்தவன், பாதியில நிறுத்திட்டு, "அங்கிள், இந்தத் தடவை ரெக்கார்ட் ஆவுதுதானே?"ங்கிறான்.

பதினோராவதுதான் அந்த வாய் திறக்காத பொண்ணு. அது ஒன்றரை மணி நேரம் தள்ளி குளுவாங்ல சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போயிருச்சு. டீச்சரை ஏத்திக்கிட்டு ஓட்டினேன். மண்டபத்துல மேளச் சத்தம், எங்க நின்னாலும் காது கிழியுது. கடைசியில கார் கண்ணாடியை ஏத்திவிட்டு, பட்டுப்பாவாடையோட பின் சீட்டுல உக்கார வெச்சோம். ஏர்கோன் சத்தம் கேக்கும்னு அதையும் நிறுத்தியாச்சு. உள்ள அடுப்பு மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு என்னையே கொஞ்ச நேரம் பாத்துச்சு.

"நீங்கதான் அழிச்சிட்டீங்களா அங்கிள்?"

"ஆமாம்மா."

"நானும் முதல்ல தப்பு தப்பாத்தான் சொன்னேன்"னு சொல்லிட்டு, ஒரே மூச்சுல முழுக் கதையையும் சொல்லி முடிச்சிருச்சு. டீச்சர் அழுதாங்க. எனக்கு வேர்வைதான்னு வெச்சுக்குவோம்.

திங்கக்கிழமை பதினோரு வீடியோவும் போய்ச் சேந்துச்சு. பரிசு யாருக்கும் கிடைக்கல, அது வேற விஷயம். ஆனா அன்னிலேர்ந்து யார் எதைக் கொண்டாந்து குடுத்தாலும், அவங்க கேட்டது என்னன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிக்கிறேன். அதுக்கு மேல கை போனா, அந்தப் பொண்ணோட பார்வை ஞாபகம் வந்து நிறுத்திடுது.

அதே வாரம் லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்தேன். புது டிஸ்க், எல்லாம் புதுசா ஏத்தி, பத்தே செகண்டுல ஆன் ஆச்சு. எப்படி இருக்குன்னு கேக்குற மாதிரி ஒரு சிரிப்போட நின்னேன். டீச்சர் உக்காந்து ரெண்டு பிள்ளைங்க பேரைத் தட்டிப் பாத்தாங்க. அப்புறம் என்னை நிமிந்து பாத்தாங்க.

"ரொம்ப வேகமா இருக்குண்ணே. ஸ்பேஸ் பட்டன் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."