சவரி என்னிடம் கொடுத்த டிஸ்க்

செம்மண்டலம் சவரிநாதன் போய்விட்டான் என்று காட்டுமன்னார்கோயில் ராஜவேலுதான் போன் செய்தான். காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "மச்சான், நம்ம சவரி போயிட்டான்டா. மாரு வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிபோச்சு" என்றான். பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே இறக்கிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

செம்மண்டலத்தில் இறங்கியதும் சுவரில் அவன் போஸ்டர். முதலில் வேறு யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். பெயரைப் பார்த்துத்தான் திரும்பினேன். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். கன்னத்தில் கறுப்புத் திட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல். போஸ்டர் அடித்தவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. துக்க வீடென்றும் பாராமல் சவரியின் மனைவி ஸ்டெல்லாவிடம், "ஏம்மா, வேற நல்ல படமே இல்லியா?" என்று கேட்டும்விட்டேன்.

"எங்கண்ணே இருக்குது? ஆல்பம் புயல்ல நனஞ்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஸ்கேன் பண்ணதெல்லாம் உங்ககிட்டதான குடுத்து வச்சிருந்தாரு" என்றாள். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

நேரில் வாடா போடா என்று பேசியவனை இங்கே 'அவர்' என்று எழுதினால் எங்கிருந்தாவது சிரிப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அவனைத் தெரிந்த உங்களில் பலருக்கு 'ஏழு கடை' கதையும் தெரியும். அது எப்படி முடிந்தது என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சவரி செம்மண்டலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான், நான் சிதம்பரம் கீழ வீதியில். சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்துக்கு உதவிக்குப் போனவன், அரிசியும் பாயும் வந்து சேர்ந்த பிறகும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். என்னடா இன்னும் என்று கேட்டேன். "படம் கேக்குறாங்க மச்சான்" என்றான். செத்துப்போன பிள்ளையின் முகம் பார்க்க வீட்டில் ஒரு படம் இல்லை. இருந்ததெல்லாம் வீட்டோடு போய்விட்டது. அவர்களுடைய சொந்தக்காரர்கள் வீடுகளாகத் தேடித் தேடிப் போனான். செல்வி என்றொரு அக்கா, ஒரே மகளைக் கடலுக்குக் கொடுத்தவர். மேல்பட்டாம்பாக்கத்தில் அவருடைய நாத்தனார் வீட்டில் பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்று இருந்தது. மூன்றாவது வரிசையில் ரெட்டைப் பின்னலோடு அந்தப் பெண். ஸ்கேன் செய்து, அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். செல்வியக்கா அதைக் கையில் வாங்கவே பயந்தார்.

"அவுங்கவுங்க வீட்ல இருந்ததெல்லாம் போச்சு மச்சான். அடுத்தவங்க வீட்ல இருந்ததுதான் மிஞ்சிச்சு" என்றான் அன்றைக்கு. பின்னால் அவன் செய்தது எல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது.

கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை ஏழு பிரவுசிங் சென்டர்காரர்களைச் சேர்த்தான். ஒவ்வொரு கடைக் கம்ப்யூட்டரிலும் அத்தனை படங்களும் இருக்க வேண்டும். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்ற ஆறையும் விசாரித்து, தன்னிடம் இல்லாததை வாங்கிக்கொள்ளும். அந்தப் புரோகிராமை அவனே எழுதினான். காட்டுமன்னார்கோயிலில் இன்டர்நெட் லைன் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், ராஜவேலுவுக்கு மட்டும் பென் டிரைவை பிஸ்கட் பாக்கெட் கவரில் சுற்றி டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவோம். ஒரு தடவை அந்தக் கண்டக்டர் பசியில் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டிய திட்டு இருக்கிறதே!

"இன்டர்நெட்ட கண்டுபுடிச்சவன் நடுவுல யாரையும் உக்கார வைக்கலடா. நாமதான் தேடிப்போயி ஒருத்தன் கடையில வரிசை கட்டி நிக்கிறோம்" என்பான். படத்தில் ஆரம்பித்தாலும் அவன் ஆசை அதோடு நிற்கவில்லை. கடிதம், ஊர்ச் செய்தி, பிள்ளைகளின் பாடம் எல்லாமே ஒருநாள் இப்படித்தான் போகும், எந்தக் கம்பெனியிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை என்று மணிக்கணக்காகப் பேசுவான். நெல்லிக்குப்பம் கடையில் கம்ப்யூட்டர் புகைந்துபோய், புதிதாக ஒன்றை வைத்தபோது, மற்ற கடைகளிலிருந்து படங்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து உட்கார்ந்ததை நாங்கள் ஏழு பேரும் நின்று பார்த்தோம். அவன் கண் கலங்கியதை நான் மட்டும் பார்த்தேன்.

ஆனால் ஏழு பேர் ஏழு விதம். ஒருவர் சினிமாப் பாட்டு வைக்க இடமில்லை என்று படங்களை அழித்துவிடுவார். இன்னொருவர் கம்ப்யூட்டரைப் போடவே மாட்டார். கரண்ட் கட் ஜாஸ்தியான பிறகு, ஒன்று எழுந்திருக்கும் நேரத்தில் மற்றது படுத்துவிடும். இரண்டு பேட்டரி இன்வெர்ட்டர் என்னிடம்தான் இருந்தது. எந்தப் படம் கிடைக்கவில்லை என்றாலும், "சிதம்பரத்துல கேளு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது, மறைப்பானேன். எல்லாவற்றையும் என் கடையில் வைத்துவிடலாம், மற்றவர்கள் வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று நானே சொன்னேன்.

செம்மண்டலம் டீக்கடையில் ஏழு பேரும் கூடினோம். சவரி ஒருவன்தான் மாட்டேன் என்றான்.

"எல்லாரும் பாத்துக்கணும்னா யாருமே பாத்துக்க மாட்டாங்கடா. ஒருத்தன் பாத்துக்கிட்டா உருப்படும்" என்றேன்.

"நீ நல்லவன்தான் மச்சான். ஆனா நீ ஒருத்தன்" என்றான்.

ஆறு கை என் பக்கம் உயர்ந்தது. அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, மாற்ற வேண்டியதை அவனே எங்கள் கம்ப்யூட்டர்களில் மாற்றிக் கொடுத்தான். எல்லாம்தான் சிதம்பரத்தில் இருக்கிறதே என்று மற்ற ஐந்து கடைக்காரர்களும் தங்களிடமிருந்த படங்களை அழித்துவிட்டார்கள். இன்றைக்கும் நான் சொன்னது முழுத் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த வருடம் அவன் கடையை மூடிவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். போவதற்கு முன், தன் கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தான். அவன் மட்டும் அழிக்காமல் வைத்திருந்த படங்கள் எல்லாம் அதில் இருந்தன. "இத நீ வச்சிக்காத. ராஜவேலுகிட்ட குடுத்துடு. உன்கிட்டயே வச்சா ரெண்டும் ஒண்ணுதான்" என்று இரண்டு முறை சொன்னான். சரி என்றேன். காட்டுமன்னார்கோயிலுக்கு டவுன் பஸ் என் தெரு முனையில்தான் நிற்கும். நாளைக்கு, அடுத்த வாரம், பொங்கல் கழித்து என்று தள்ளித் தள்ளி, அந்த டிஸ்க் துண்டோடு என் கம்ப்யூட்டருக்கு மேல் பலகையிலேயே இருந்துவிட்டது.

போன மார்கழிப் புயலில் என் கடைக் கூரை ஓடு மொத்தமாகப் பறந்தது. மழை முழுதும் அந்த மூலையில்தான் கொட்டியது. கம்ப்யூட்டரும் போனது, பலகையும் இடிந்து தண்ணீரில் கிடந்தது. சென்னைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். இரண்டிலும் ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிரிண்டர் மையில் போட்ட படம் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும். அதனால் செல்வியக்கா மகளின் நினைவு நாளுக்கு முன்னால் வந்து புதிதாக ஒன்று வாங்கிப் போவார். சவரி கடையை மூடிய பிறகு என்னிடம் வந்தார். புயலுக்குப் பிறகும் வந்தார். "போன மாசம் குடுத்தது நனஞ்சிபோச்சு சார். இன்னொண்ணு போட்டுக் குடுங்க" என்றார். முகத்தில் கவலையே இல்லை. என்னிடம் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இருந்தது. இல்லை என்று சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவர் அழவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போகிறேன் என்றார். அந்த நாத்தனார் வீடு எப்போதோ காலி செய்துகொண்டு போய்விட்டது.

அதைக் கேள்விப்பட்டு சவரி போன் செய்தான். திட்டவில்லை. "என் டிஸ்க்கு ராஜவேலுகிட்டதான இருக்கு? நான் வாங்கியாந்து அக்காவுக்குப் போட்டுத் தரேன்" என்றான். நான், "அங்கயும் தண்ணி பூந்துடுச்சுடா. அதுவும் போச்சு" என்றேன். வாயில் வந்துவிட்டது. "சரி மச்சான், விடு" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான்கு மாதம் வாரந்தவறாமல் பேசினோம். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்ட வாசலில் நிற்கும்போது ராஜவேலு சொன்னான்: "பொங்கல் சமயத்துல சவரி என் கடைக்கு வந்தான் மச்சான். டிஸ்க்கு எங்கன்னு கேட்டான். என்னா டிஸ்க்குன்னேன். உன் கடையில தண்ணி வந்துச்சான்னான். ஒரு சொட்டு வர்லன்னேன். ஒண்ணுமில்ல விடுன்னுட்டு, டீ குடிச்சிட்டு பஸ் ஏறிட்டான். இன்னாடா அது?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன். இதோ இப்போது சொல்லியிருக்கிறேன், ராஜவேலு.

அவன் நினைவாக என்னிடம் இருப்பது டிஸ்க் சுற்றியிருந்த பச்சைக் கட்டம் போட்ட துண்டு. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வேறு ஒன்றுமில்லை. அவன் முகம்கூட என்னிடம் இல்லை. ஊரார் முகத்தையெல்லாம் தேடிச் சேர்த்தவனுக்குப் போஸ்டரில் முகமில்லாமல் போனது என்னால்தான்.

இதைப் படிக்கிற உங்களில் யாருடைய கல்யாண ஆல்பத்திலாவது, திருவிழாப் படத்திலாவது அவன் ஓரமாக நின்றிருப்பான். செல்வியக்கா மகள் படித்த பள்ளியின் குரூப் போட்டோவும் யார் வீட்டிலாவது இருக்கும். தேடிப் பாருங்கள். கிடைத்தால் முதலில் ஸ்டெல்லாவிடமும் செல்வியக்காவிடமும் கொடுங்கள். பிறகு ராஜவேலுவிடம், உங்கள் பக்கத்து வீட்டில், தெரிந்தவர் எல்லாரிடமும் ஆளுக்கொன்று கொடுத்து வையுங்கள். மிச்சமிருந்தால் எனக்கும் ஒன்று தாருங்கள். என்னிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.