நாற்பதாவது நிமிடத்தில் சொன்ன ‘கிடைச்சாச்சு’

எங்கள் லேபில் ‘கிடைச்சாச்சு’ என்ற சொல்லை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள். டீ வந்தால் ‘வந்துடுச்சு’ என்போம், வீட்டுக்குப் போகும் கேப் வந்தாலும் அப்படித்தான். அந்த ஒரு சொல் இன்டர்காம் வழியாக ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் சர்ஜன் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், தேடத் தொடங்கிய நாற்பதாவது நிமிடத்தில் நான் அதைச் சொன்னேன். ஆனால் எதுவும் கிடைத்திருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானே மூன்று வருடம்தான் முடித்திருக்கிறேன், அறிவுரை சொல்கிற வயது எனக்கு இல்லை. தப்பு செய்ததைச் சொல்ல வயது தேவையில்லை என்பதால் சொல்கிறேன்.

1. என் வேலை

நான் எம்ப்ரியாலஜிஸ்ட், கருத்தரிப்பு லேபில் முட்டையையும் விந்தணுவையும் கையாள்கிறவள். எலெக்ட்ரானிக் சிட்டியில் பிஜி விடுதியில் தங்கியிருக்கிறேன். அறைத்தோழிகள் இரண்டு பேரும் சாஃப்ட்வேர். சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும், “என்னடி, இன்னைக்கு எத்தனை பேரை எண்ணினே?” என்பார்கள். அவர்களுக்கு அது பழகிப்போன கிண்டல். எனக்கு வேலையே அதுதான்.

சில ஆண்களுக்கு விந்தில் விந்தணு ஒன்றுகூட இருக்காது. ஆனால் விரைக்குள்ளே எங்காவது ஒரு மூலையில் கொஞ்சம் உருவாகிக்கொண்டிருக்கலாம். அதைத் தேடும் அறுவை சிகிச்சைக்கு மைக்ரோ-டெசி என்று பெயர். விரைக்குள் நூல் நூலாகக் குழாய்கள் சுருண்டிருக்கும். சர்ஜன் பெரிய மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்து வெளுத்திருக்கும் நூல்களாகப் பொறுக்கி எடுப்பார். அவை சுவரில் உள்ள சின்ன ஜன்னல் வழியாக லேபுக்கு வரும். நாங்கள் ஊசியால் அவற்றைப் பிரித்து, தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்துத் தேடுவோம். கிடைத்தால் சொல்வோம், அவர் வெட்டுவதை நிறுத்துவார். தேவைக்கு மேல் ஒரு நூல்கூட எடுக்கக் கூடாது. எடுக்க எடுக்க அந்த ஆளின் ஹார்மோன் குறையும்.

2. முருகேசனும் செல்வியும்

முருகேசனுக்கு ஊர் திருவண்ணாமலைப் பக்கம். பீன்யாவில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருடமாக சிஎன்சி மெஷின் ஓட்டுகிறார். வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஒருமுறை ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். இது இரண்டாவது முறை. இதோடு போதும், டோனரிடமிருந்து விந்தணு வாங்குவதும் வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து வந்திருந்தார்கள்.

அன்று காலை செல்வியிடமிருந்து முட்டைகள் எடுத்தாயிற்று. முதிர்ந்தவை ஏழு. அவை இன்குபேட்டரில் காத்திருந்தன. அன்றைக்குள் விந்தணு கிடைத்தால்தான் அவற்றுக்கு வழி.

தியேட்டருக்குப் போகும் முன் முருகேசன் என்னைக் கேட்டார்: “மேடம், உங்க மிஷின்ல எவ்ளோ சின்னது வரைக்கும் தெரியும்?”

“நாங்க தேடுறதோட தலை அஞ்சு மைக்ரான் இருக்கும்ங்க. நல்லாவே தெரியும்.”

“அஞ்சா? பட்டறையில நாங்க பத்து மைக்ரானுக்கே, அளவு சரிபாக்குற க்யூசிகிட்ட சண்டை போடுவோம்.”

பக்கத்துக் கட்டிலில் மயக்கம் தெளிந்து படுத்திருந்த செல்வி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இவரு எங்க போனாலும் அளவு கேப்பாரு மேடம். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, உங்க வாசக்காலு கோணலா இருக்குன்னு எங்கப்பாகிட்ட சொன்னவரு.”

“கோணல்தானே?”

“கோணல்தான். அதை அன்னிக்கேவா சொல்லணும்?”

நான் சிரித்துக்கொண்டே லேபுக்கு வந்தேன்.

3. அந்த நாற்பது நிமிடம்

தியேட்டர் பக்கத்துச் சின்ன ஜன்னலைத் தவிர எங்கள் லேபுக்கு வெளியே பார்க்கும் ஜன்னல் கிடையாது. வெளிச்சம் மங்கலான மஞ்சள். முட்டைக்கு வெள்ளை விளக்கு ஆகாது. இன்குபேட்டர் தூங்குகிறவர் மூச்சு மாதிரி மெல்ல இரைந்துகொண்டிருக்கும். லென்ஸில் கண் வைத்த கொஞ்ச நேரத்தில் அறை மறைந்துவிடும், கைகூட நம்முடையதாகத் தோன்றாது. தட்டைத் தள்ளத் தள்ளக் கீழே ஒரு ஊர் நகரும். கேபில் பாதித் தூக்கத்தில் மேம்பாலத்தில் போகும்போது ஓசூர் ரோட்டு விளக்குகள் பின்னால் ஓடுமே, அப்படி. சிவப்பணுக்கள் கூட்டமாக மிதந்து போகும். பெரிய உருண்டைச் செல்கள் மெதுவாகத் திரும்பிப் படுக்கும். நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாகப் பார்த்துப் போக வேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் ஒரு மனிதரின் வாய்ப்பே விட்டுப்போகலாம்.

எனக்கு வேகம் அதிகம். மற்றவர்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் நான் ஒன்றரை முடித்துவிடுவேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அன்று ஐந்தாவது தட்டின் ஓரத்தில் அதைப் பார்த்தேன். சின்னத் தலை, நீண்ட வால், ஆழத்தில் கிடக்கும் மீன் போல அசையாமல் கிடந்தது. விரையிலிருந்து எடுப்பவை பெரும்பாலும் நீந்தாது, துடித்தாலே அதிகம். அதனால் அசையாததைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரவில்லை. எவ்வளவு அழகு என்றுதான் தோன்றியது. அந்தத் தோன்றலோடேயே என் விரல் இன்டர்காமை அழுத்திவிட்டது.

“டாக்டர், கிடைச்சாச்சு.”

எங்கள் சர்ஜன் டாக்டர் கிரீஷ் மைசூர்க்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். “சூப்பர்மா. க்ளோஸ் மாடுத்தீனி,” என்றார். தைக்கத் தொடங்குகிறார் என்று அர்த்தம்.

பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் இருந்த ஷபானா எழுந்து வந்தாள். என்னைவிட இரண்டு வருடம் சீனியர், பிறந்து வளர்ந்ததெல்லாம் சிவாஜி நகர்.

“தொட்டுப் பார்த்தியா?”

நான் தொடவில்லை. வழக்கம் என்னவென்றால், பெரிய லென்ஸுக்கு மாற்றி, கண்ணாடி ஊசியால் வாலை மெல்லத் தள்ளிப் பார்க்க வேண்டும். விந்தணு என்றால் கழுத்தில் மடங்கும். ஷபானா மாற்றினாள், தள்ளினாள். வால் தனியாகக் கழன்று மிதந்து போனது. ஏதோ ஒரு இழை, சின்ன உருண்டைச் செல் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

“இது நக்கோ டி,” என்றாள் ஷபானா மெதுவாக. இது தேறாது என்று அர்த்தம்.

என் மனசு எப்படி ஓடியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இன்னும் இரண்டு தட்டு பாக்கி இருந்தது. அவற்றில் ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நான் வேகமானவள், ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அங்கே தையல் முடிந்துவிடும். தேடாத மூலைகள் தேடாமலே மூடப்படும். முருகேசன் மூன்றாவது முறை படுக்கப்போவதில்லை.

“நீ சொன்னதை நீயே போய்த் திருப்பிச் சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது,” என்றாள் ஷபானா.

இன்டர்காமை அழுத்தினேன். “டாக்டர், மூட வேண்டாம். நான் சொன்னது தப்பு. தொட்டுப் பார்க்காம சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் மானிட்டர் சத்தத்துக்கு நடுவே அவர் குரல்: “ஆல்ரெடி மூணு தையல் ஹாக்கித்தேனம்மா.”

“சாரி டாக்டர்.”

“பர்வாகில்ல. பிரிச்சுடறேன். இடது பக்கம் கீழே கொஞ்சம் பார்க்க இருந்தது. அனுப்பறேன். நிதானமா பாரு.”

4. மிச்சம்

பாக்கி இருந்த இரண்டு தட்டிலும் ஒன்றுமில்லை. கீழ் மூலையிலிருந்து வந்த நூல்கள் கொஞ்சம் வெளுத்திருந்தன. இந்த முறை ஒவ்வொரு வரியையும் போய்த் திரும்பினேன். வேகமெல்லாம் எங்கோ போய்விட்டது. நேரம் தண்ணீருக்குள் போவது போலப் போனது. ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒரு செல் கும்பலுக்கு அடியில் ஏதோ துடித்தது. ரோட்டில் எதிரே வருகிற யாரோ கண் சிமிட்டிவிட்டுப் போன மாதிரி. லென்ஸை மாற்றினேன், தொட்டேன். கழுத்தில் மடங்கியது. ஷபானாவைக் கூப்பிட்டேன். அவளும் தொட்டாள்.

“ம்,” என்றாள்.

அப்போதும் நான் இன்டர்காமைத் தொடவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு முட்டைக்கு என்ன செய்வது? தனிச் சொட்டில் நான்கு சேர்ந்து, அதற்கு மேல் கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் சொன்னேன். மதியம் நான்கு முட்டைகளுக்குள் நான்கையும் செலுத்தினோம்.

சாயங்காலம் முருகேசன் தம்பதியிடம் டாக்டரோடு நானும் போனேன். ஆபரேஷன் ஏன் கூடுதல் நேரம் ஆனது என்பதை நானே சொன்னேன். “நாங்களும் சில நேரம் அளவு பாக்குற கேஜ் போடாம கண்ணாலயே பாஸ் பண்ணிடுவோம் மேடம். அப்புறம் மாட்டிக்குவோம்,” என்றார் முருகேசன். செல்வி மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது.

மறுநாள் காலை நான்கு முட்டைகளையும் பார்த்தேன். மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் நடுவே இரண்டு வட்டங்கள், பக்கத்தில் பக்கத்தில், பனிக்குள் தெரியும் இரண்டு நிலா மாதிரி. கருவாகியிருந்தால் அப்படித்தான் தெரியும். ஷபானாவைப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்துத் தலையாட்டிய பிறகு வெளியே போய் செல்விக்கு போன் செய்தேன்.

“நாலுல ஒண்ணு கருவாகியிருக்குங்க.”

“நேத்து மாதிரி இல்லையே மேடம்?”

“இல்லைங்க. ரெண்டு பேர் பார்த்தோம். ஆனா ஒண்ணுதான். இது அஞ்சு நாள் தாங்கணும், அப்புறம் உங்க உடம்புல ஒட்டணும். இன்னைக்கு நான் பார்த்தது இவ்வளவுதான், அதைத்தான் சொல்றேன்.”

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். இங்கே நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. தொட்டுப் பாருங்கள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள், பிறகு சொல்லுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால், கத்தி இன்னும் கையில் இருக்கும்போதே திருத்துங்கள்.

செல்வி போனில் அழத் தொடங்கினார். பின்னால் முருகேசன், “என்ன, என்ன சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல என் வாய் வரை வந்தது. எல்லாம் நல்லபடியா நடக்கும்ங்க என்று. சொல்லவில்லை. அவர் முடிக்கும் வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.